பத்துக் குழியா, நாற்பது குழியா

திருநின்றவூரில் கணக்கர் வீடு என்றால் ஒரு வீடுதான். நான்கு தலைமுறையாக ஊரின் நிலத்தை அளந்து எழுதிய வீடு அது. வரப்புத் தகராறு என்று இரண்டு பேர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றால், அந்த வீட்டு மூங்கில் கோல் வயலில் இறங்கும்வரைதான் சண்டை. கோல் படுத்து எழுந்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். சர்க்கார் ஏக்கர் என்றும் சென்ட் என்றும் காகிதத்தில் எழுதிக்கொள்ளட்டும். ஊர் வாயில் காணியும் குழியும்தான். ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் என்றால் ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. அது சூரியன் கிழக்கே உதிப்பது போல.

அந்த வீட்டுப் பெரியவர் வீரராகவப் பிள்ளை. கர்ணம் வேலையை மகனிடம் ஒப்படைத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. வயது அறுபத்தாறு. முதுகு மட்டும் இன்னும் அந்தக் கோலைப்போலவே நிமிர்ந்திருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம், பொங்கல் கழிந்த இரண்டாவது சனிக்கிழமை, உள்ளூர் மிடில் ஸ்கூலில் நடந்த ஒரு கூத்துக்கு அவரைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள்.

கூத்து என்பது அவர் வைத்த பெயர். புதுக் கணக்கு வாத்தியார் ஆனந்தன் அதற்கு வைத்த பெயர் கணக்குப் பந்தயம். ஆனந்தன் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. பிரம்பை எடுக்காமலே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, பெற்றவர்களுக்கு அதுவே ஒரு சந்தேகமாக இருந்தது.

"அணி அணியா ஒக்காரவெச்சி கேப்பாராம் தாத்தா. ஏரி அணி, ரயிலடி அணி. நான் ஏரி அணி" என்றான் பேரன் பரந்தாமன். மூன்றாம் பாரம் படிக்கிறவன்.

"நீதானே தலைவன்?"

"இல்ல தாத்தா. தங்கவேல்தான். சீட்டு குலுக்கிப் போட்டாங்க."

கணக்கர் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்க, கணக்குக்குத் தலைவன் வேறொருவனா? அதுவும் சீட்டுக் குலுக்கியா? வீரராகவப் பிள்ளைக்கு விளங்கவில்லை. ஆனாலும் மருமகள் முத்தம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். "நம்ம வீட்டுப் பேரு இன்னிக்கி சபையில நிக்கப் போவுது. அவன் இருக்கிற பக்கம் தோத்துதுன்னா, நான் நடுத்தெரு வழியா திரும்பி வரமாட்டேன். ஏரியச் சுத்திதான் வருவேன்."

தலைப்பாகை, மூடிய கோட்டு, மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம். மூக்குக் கண்ணாடியை மட்டும் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போனார். அவருடைய அப்பா எண்பது வயதிலும் கண்ணாடி போட்டதில்லை. சபையில் கண்ணாடியோடு உட்கார்ந்து கணக்கர் வீட்டுக்குக் கண் போய்விட்டது என்று ஊர் பேசவா?

பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கொட்டகையில் கூட்டம் நெருக்கியடித்தது. பெற்றவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், வயலிலிருந்து அப்படியே கால் கழுவாமல் வந்தவர்கள். நடுவில் இரண்டு பக்கமும் ஆறு ஆறு பையன்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் வெள்ளைச் சட்டை. பிள்ளை உட்கார்ந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் பன்னிரண்டு வெள்ளை மூட்டைகள். இடது பக்கம் ஏரி, வலது பக்கம் ரயிலடி என்று ஹெட்மாஸ்டர் காதில் சொன்னார். பிள்ளை இடது பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இடது பக்கம் நம்முடையது.

ஒவ்வோர் அணிக்கு முன்னும் ஒரு மண்கலயம். சரியான விடைக்கு ஒரு புளியங்கொட்டை.

ஆனந்தன் கையைத் தட்டினார். "முதல் கேள்வி ஏரி அணிக்கு. மாட்டு வண்டிச் சக்கரம் ஒண்ணுக்கு ஆரக்கால் பன்னண்டு. மூணு வண்டி போறது. மொத்தம் எத்தனை ஆரக்கால்?"

உடனே ஆறு பையன்களும் தலையை ஒன்றோடொன்று முட்டி வைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்தார்.

"என்ன இது? பாத்து எழுதறானுங்களே!" என்றார் ஹெட்மாஸ்டரிடம்.

"பேசலாம் ஐயா. அதுதான் விளையாட்டே. கூடிப் பேசி, தலைவன் மட்டும் விடை சொல்லணும்."

"அப்போ கணக்குப் போட்டவன் யாருன்னு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டாம் ஐயா. அணி போட்டதாகக் கணக்கு."

அணி என்பவன் யார், அவனுக்கு அப்பன் யார், எந்த வீடு? பிள்ளை கேட்கவில்லை. அதற்குள் தங்கவேல் எழுந்து, "எழுவத்திரண்டு சார்!" என்றான். கொட்டை கலயத்தில் விழுந்தது.

"அதுல முனியன் வண்டி ஒண்ணு இருந்தா ஆறு ஆரக்கால கழிச்சிடு வாத்தியாரே!" என்று யாரோ கத்த, ஏரிக்கரையில் பயிர் வைக்கும் முனியன் எழுந்து, "என் வண்டில மூணுதான் ஒடிஞ்சி கீது. பொய் சொல்லாதே மாமே!" என்றான். கொட்டகை சிரித்தது. கணக்கு நடக்கும் இடத்தில் சிரிப்புக்கு என்ன வேலை என்று பிள்ளை பார்த்தார். ஹெட்மாஸ்டரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு பக்கம் தெரியாவிட்டால் கேள்வி மறுபக்கம் போயிற்று. மறுபக்கம் சொன்னால் கொட்டை அவர்களுக்கு. இது வரைக்கும் பிள்ளை ஒருவாறு தொடர்ந்து வந்துவிட்டார். ரயிலடி அணித் தலைவன் ஜோசப்ராஜ், ரயில்வே கேட்காரர் அந்தோணிராஜின் மகன், ஒவ்வொரு விடையையும் கொடி அசைப்பவன்போலக் கையை உயர்த்திச் சொன்னான். பையன் நல்ல சுறுசுறுப்பு என்று பிள்ளை மனசுக்குள் ஒப்புக்கொண்டார்.

அதன்பிறகு ஆனந்தன், "இப்போ தலைகீழ்ச் சுற்று" என்றார்.

"ஜோசப்ராஜ், எட்டும் ஏழும் எத்தனை?"

"நூறு சார்!"

"பேஷ்!" கொட்டை விழுந்தது.

பிள்ளை, தான்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று காதைத் தடவிக்கொண்டார்.

"தங்கவேல், ஒரு நாளைக்கு எத்தனை நாழிகை?"

"அறுபது சார்" என்று சொல்லிவிட்டுத் தங்கவேல் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"தப்பு!" என்றார் ஆனந்தன். கொட்டகை கைதட்டிச் சிரித்தது.

"அறுபது தப்பா?" பிள்ளையின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"இந்தச் சுற்றில் தப்பான விடைதான் சரி ஐயா" என்று ஹெட்மாஸ்டர் குனிந்து விளக்கினார். "சரியா சொன்னால் தப்பு. பிள்ளைகள் நிதானம் பழகத்தான்."

பிள்ளை அதை மனசுக்குள் உருட்டிப் பார்த்தார். தப்பு சரி, சரி தப்பு. அவருடைய தாத்தா இதைக் கேட்டிருந்தால் கோலை எடுத்துக்கொண்டே வந்திருப்பார். இந்தத் தலைகீழ் எப்போது முடிந்து எப்போது நேராகிறது என்பதை யாராவது சொல்வார்களா? யாரும் சொல்லவில்லை. அடுத்த கேள்விக்குச் சரியான விடை சொன்ன பையனுக்குக் கொட்டை விழுந்ததைப் பார்த்துத்தான், நேராகிவிட்டது போலிருக்கிறது என்று அவராக ஊகித்துக்கொண்டார்.

பாதியில் பானகம் வந்தது. ஹெட்மாஸ்டர் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, பள்ளிக்கு இன்னொரு கொட்டகை போட ஊர்ப் பெரியவர்கள் மனசு வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். பிள்ளை அவருக்கு முகம் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, நடுவில் பையன்கள் எழுந்து இங்கும் அங்கும் நடந்தார்கள். ஒரே கூச்சல். தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பியபோது பன்னிரண்டு வெள்ளை மூட்டைகளும் முன்போலவே ஆறு ஆறாக இருந்தன.

பிற்பாதி மும்முரமாகப் போயிற்று. சாயங்காலம் ஐந்தரை ரயில் ஊதிக்கொண்டு போகும்போது, இரண்டு கலயத்திலும் ஒன்பது ஒன்பது கொட்டை. ஆனந்தன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"கடைசிக் கேள்வி. இதுல ஜெயிக்கிறவாதான் ஜெயிச்சவா. ஒரு நிலம். நீளம் நூத்தி இருபது அடி, அகலம் நாப்பத்தெட்டு அடி. எத்தனை குழி? ஏரி அணி."

நிலம் என்ற வார்த்தையைக் கேட்டதும் கொட்டகையில் ஒரு சலசலப்பு. எல்லோரும் அவரவர் மனசில் வரப்பில் இறங்கிவிட்டார்கள். பிள்ளை கோலைப் படுக்கப் போட்டார். நீளத்துக்கு ஐந்து கோல். அகலத்துக்கு இரண்டு கோல். ஐயிரண்டு பத்து. கண் மூடித் திறக்கும் நேரம் ஆகவில்லை. இது நம்முடைய கேள்வி. நம்முடைய பக்கத்துக்கு வந்திருக்கிறது. அவர் இரண்டு கைகளையும் நாற்காலியின் கைமேல் வைத்துச் சாய்ந்தார்.

தங்கவேல் எழுந்தான். "பத்து குழி சார்."

"தப்பு" என்றார் ஆனந்தன். "ரயிலடி அணி?"

பிள்ளை அப்படியே இருந்தார். தப்பா? ஒருவேளை மறுபடியும் தலைகீழ் ஆரம்பித்துவிட்டதோ? ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். ரயிலடிப் பக்கத்தில் ஆறு தலைகளும் முட்டிக்கொண்டு நின்றன. குசுகுசுப்பு நீண்டது. யாரோ ஒருவன் அழுத்தி ஏதோ சொல்ல, மற்றவர்கள் இல்லை இல்லை என்று தலையாட்ட, கடைசியில் ஜோசப்ராஜ் கையை உயர்த்தி எழுந்தான்.

"நாப்பது குழி சார்."

"பேஷ்! சரியான விடை!"

கொட்டை விழுந்த சத்தத்தை யாரும் கேட்கவில்லை. முனியன் எழுந்து நின்றுவிட்டான்.

"இன்னா வாத்தியாரே, இன்னா சொல்றே? ஏரிக்கரைல என் நெலம் அதே அளவுதான் கீது. கணக்கரு ஐயா அளந்து பத்து குழின்னு எழுதிக் குடுத்தாரு. நீ நாப்பதுன்றியே, மீதி முப்பது குழிய எவன் இட்டுகினு பூட்டான்?"

"ஒக்காருடா முனியா, உனக்கு முப்பது குழி லாபம்டா!"

"லாபமா? நாப்பதுக்கும் தீர்வ நீ கட்றியா அண்ணாத்தே?"

ஆனந்தன் காகிதத்தைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். "கணக்கு சரிதானே. நீளத்துக்குப் பத்து கோல், அகலத்துக்கு நாலு கோல்..."

"கோல் எத்தனை அடி?" பிள்ளை எழுந்து நின்றார். தலைப்பாகை கொட்டகையின் கீற்றைத் தொட்டது.

"பன்னண்டு அடி ஐயா."

"இருபத்து நாலடி."

"எங்க பக்கத்துல பன்னண்டு அடிக் கோல்தான் ஐயா. குழின்னா பன்னண்டுக்குப் பன்னண்டு. எங்கப்பா அதாலதான்..."

கொட்டகை அடங்கிவிட்டது. பன்னிரண்டு அடியில் ஒரு குழியா? பிள்ளைக்கு முதலில் அது புரியவே இல்லை. குழி என்பது குழிதானே? ஒரு ஊரில் ஆள் ஆறடி, இன்னொரு ஊரில் மூன்றடி என்பது மாதிரி இருக்கிறதே. அப்படியானால் கும்பகோணத்துக்காரன் நூறு குழி என்று சொன்னால் அது எவ்வளவு? முனியனும் அதைத்தான் நினைத்தான் போலிருக்கிறது. "அந்த ஊர்ல குழி குள்ளமா கீதா?" என்றான் மெதுவாக.

"தலைவர் தீர்ப்பே தீர்ப்பு" என்று ஹெட்மாஸ்டர் அவசரமாக அறிவித்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

பிள்ளை இடது பக்கம் பார்த்தார். நம்முடைய பக்கம். வாடிப்போய் உட்கார்ந்திருந்த ஆறு வெள்ளை மூட்டைகள். அவர் குரல் கணீரென்று வந்தது.

"வாத்தியார் ஊரு நிலம் வாத்தியார் ஊருல இருக்கட்டும். இந்தக் கேள்வி இந்த மண்ணுல நின்னுகிட்டு கேட்டது. இங்க கோல் இருபத்து நாலடி. எங்க பாட்டன் அளந்தது, எங்கப்பா அளந்தது, நான் அளந்தது. பத்து குழி. ஏரி அணி சொன்னதுதான் சரி. கொட்டைய எடுத்து அந்தக் கலயத்துல போடுங்க."

கொட்டை இடம் மாறியது. கொட்டகை இடிந்து விழும்போல ஆரவாரம். பிள்ளை உட்கார்ந்தார். நெஞ்சு நிறைந்திருந்தது. ஏரியைச் சுற்றிப் போக வேண்டியதில்லை. நேர்வழியில், நடுத்தெருவில் போகலாம்.

ஹெட்மாஸ்டர் நன்றி சொல்ல எழுந்தார். "நம் தலைவர் அவர்களின் நடுநிலைமையை என்னென்று சொல்வது! சொந்தப் பேரன் பரந்தாமன் இருக்கும் அணி தோற்றுப்போகும் என்று தெரிந்தும்..."

பிள்ளைக்கு முதலில் உறைக்கவில்லை. பரந்தாமன் இருக்கும் அணிதானே ஜெயித்தது? இந்த மனிதர் என்ன உளறுகிறார்? மறுபடி தலைகீழ்ச் சுற்றா?

"தோத்த அணியா? என் பேரன் ஏரி அணி இல்ல?" என்றார் பக்கத்தில் நின்ற ஆனந்தனிடம்.

"பாதியில மாத்திக்கிட்டாளே ஐயா. ஒவ்வொரு தலைவனும் எதிர் அணியிலேந்து ரெண்டு பேரைக் கேட்டு வாங்கிக்கலாம்னு விதி. ஜோசப்ராஜ் முதல்ல உங்க பேரனைத்தான் கேட்டான். நீங்க பாக்கலையா?"

பானகம். எலுமிச்சம்பழம். இன்னொரு கொட்டகை.

வலது பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை எழுந்து வந்தது. கிட்டே வந்ததும் அதற்குப் பரந்தாமனின் முகம் முளைத்தது. கண் சிவந்திருந்தது.

கொட்டகையில் பேச்சு அலை அலையாக வந்தது. "பேரன்னுகூட பாக்கலியே!" "கணக்கரு ஊடுன்னா சும்மாவா?" "தர்மராசா நைனா அவுரு!" முனியன் கையைத் தூக்கிக் கும்பிட்டான்.

பிள்ளை எழுந்தார். கூட்டம் அடங்கியது. அவர் வீட்டில் அளக்காததை அளந்ததாக எழுதிய வழக்கம் கிடையாது.

"நான் ஒரு வார்த்தை சொல்லணும். இந்தப் பாராட்டு எனக்குச் சேராது. பையன் அந்தப் பக்கம் போனது எனக்குத் தெரியாது. கண்ணாடி எடுத்துவரல. நான் கவனிக்கல."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பிறகு முன்னைவிடப் பெரிய கைதட்டல்.

"பாத்தியா, பெரியவங்க அடக்கத்த!"

"தெரியாதுன்றாரு பாரு! பேரன அவருக்குத் தெரியாதாம்!" என்று முனியன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"தெரியாதுன்னா தெரியாதுதான்!" என்று பிள்ளை உரக்கச் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள். சொல்லச் சொல்ல அவர் பெரிய மனிதராகிக்கொண்டே போனார். கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். அதை யாரிடமாவது கொடுத்துவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு எந்த வழியாகப் போவது என்பதே குழப்பமாகிவிட்டது. அவர் சொன்ன தீர்ப்பு ஜெயித்தது. பேரன் இருந்த பக்கம் தோற்றது. முத்தம்மாளிடம் சொன்ன வார்த்தைப்படி ஏரியைச் சுற்றித்தான் போக வேண்டும். போனார். பரந்தாமன் இரண்டடி பின்னால் வந்தான். ஏரியில் தண்ணீர் நிறைந்து, கரைவரை வெயிலின் கடைசிச் சிவப்பு கிடந்தது.

"நாப்பதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான் தாத்தா."

"கணக்கர் வீட்டுல பொறந்துட்டு! பத்துன்னு தெரியாது உனக்கு?"

"தெரியும் தாத்தா. எல்லாரும் பத்துன்னுதான் சொன்னாங்க. ஆனா தங்கவேலு பத்துன்னப்ப சார் தப்புன்னுட்டாரு. சார் தப்பா கணக்கு போடறவரு இல்ல. அவுங்க ஊர்ல அவுங்கப்பா பன்னண்டு அடிக் கோலால அளப்பாருன்னு எப்பவோ ஒரு தபா கிளாஸ்ல சொல்லியிருந்தாரு. அது ஞாபகம் வந்துது. அப்ப அவரு கையில இருக்கிற கோலு வேறன்னு புரிஞ்சிது. அதால அளந்து பாத்தேன்."

பிள்ளை நின்றார். கேட்டவன் கையில் இருக்கும் கோல் என்ன என்று பார்த்து அளந்திருக்கிறான். இது கெட்டிக்காரத்தனமா, வீட்டுக் கோலைக் கைவிட்டதா? மெச்ச வேண்டுமா, காதைத் திருக வேண்டுமா? இரண்டுக்கும் கை எழுந்தது. ஒன்றும் செய்யாமல் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

"தாத்தா."

"இன்னா?"

"நான் அந்தப் பக்கம் இருந்தது தெரிஞ்சிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

"பத்து" என்றார் பிள்ளை.

கொஞ்சதூரம் நடந்தார்கள்.

"பத்துதான்" என்றார் மறுபடி. அவன் இரண்டாம் தடவை கேட்கவே இல்லை.

வீட்டில் முத்தம்மாள் ஓடிவந்து, "ஏரியச் சுத்தி வந்தீங்களாமே மாமா, தோத்துட்டாங்களா? முனியன் வந்து நீங்க ஜெயிச்சதா சொல்லிட்டுப் போறானே!" என்றாள்.

"கேள்வியிலேயே கோலக் குறிக்கல. சோத்தப் போடு" என்றார்.

மறுநாள் காலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஹெட்மாஸ்டருக்குக் கடிதம் எழுதினார். பேரன் அணி மாறியது தமக்குத் தெரியாது என்றும், நடுநிலை என்ற பெயர் தமக்குப் பொருந்தாது என்றும், ஆனால் இவ்வூர்க் குழிக்குக் கோல் இருபத்து நாலடி என்பதில் மாற்றம் இல்லை என்றும் மூன்று வரி. ஹெட்மாஸ்டர் அதைத் திங்கட்கிழமை பிரார்த்தனையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டி, பெரியோரின் பணிவு எப்படி இருக்கும் என்று பாருங்கள் என்றாராம். பரந்தாமன் வந்து சொன்னதும் பிள்ளை வெகுநேரம் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேதான் கோலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தது.

அடுத்த வருஷமும் தலைமை தாங்க அழைப்பு வந்தது. பரந்தாமன் அதற்குள் ஹைஸ்கூலுக்குப் போய்விட்டான். பிள்ளை வருவதாக ஒப்புக்கொண்டு பதில் எழுதினார், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, நிலக் கேள்வி கேட்டால் கோல் எத்தனை அடி என்று கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு, ஓர் அணிப் பிள்ளைகள் எல்லோரும் தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொள்ள வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பது தலைவருக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவதை எழுதிவிட்டுப் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். தெரிந்து என்ன ஆகப்போகிறது? தீர்ப்பு மாறுமா? மாறாதென்றால் துணி எதற்கு? அந்த வரியை அடித்தார். தெரியாமலேயே தீர்ப்புச் சொல்லிக் கைதட்டு வாங்கியது ஞாபகம் வந்தது. அடித்ததற்குக் கீழே அதையே மறுபடி, முன்னைவிடப் பெரிய எழுத்தில் எழுதினார்.